ஏட்டிலேறிய பெயர்

நன்னூற் சொல்லதிகாரத்திலே பேடு என்னும் சொல்லுக்குப் பால் வகுக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. பெண்தன்மையை விட்டு ஆண்தன்மையை அவாவுவோரை ஆண்பாலாகக் கொள்க. ஆண்தன்மையை விட்டுப் பெண்தன்மையை அவாவுவோரைப் பெண்பாலாகக் கொள்க என்பது அதன் கருத்து. இவ்விரு திறத்தாரும் அஃறிணை முடிபு பெறுதலும் உண்டென ஈற்றிலே சேர்த்துச் சொல்லும். பல்லாண்டுகளாக இச்சூத்திரத்தைப் படிப்பித்து வருகின்றேன். மாணாக்கர் சிலர் வாய்க்குள் சிரிப்பர். யானும் உரையை விரைந்து கூறி அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவது வழக்கம்.

சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்று, பவணந்தி முனிவர் உடம்பைச் சொல்லாமல் அவாவை ஏன் சொன்னார் என வினவினாள். வகுப்பிலே சிரிப்பு அடங்கிற்று. எனக்கும் விடை உடனே வாயில் வரவில்லை. மறுநாட் சொல்வதாகக் கூறி அமர்த்தினேன். மறுநாளும் சொல்லவில்லை. அவ்வினா என் பழைய தவறு ஒன்றைக் கிளறிவிட்டதே காரணம். அதனை இறுதியிற் கூறுவேன். விடை தேடி நூல்களைப் புரட்டியபோது எதிர்ப்பட்டது மைக்கேல் டில்லன் என்னும் ஆங்கில வைத்தியரின் வரலாறு. பெண்ணெனப் பதியப்பட்டுப் பிறந்து, ஆணாக வாழ்ந்து, இலோப்சாங் சீவகர் எனப் பௌத்தத் துறவுப் பெயர் பூண்டு, இமயச் சாரலில் உயிர்நீத்தவர் அவர். இன்று திருநம்பியர் எனப்படுவோருள், ஓமோன் மருந்தும் சத்திர சிகிச்சையும் கொண்டு உடம்பை முற்ற மாற்றிக்கொண்டவர்களில் முதல்வராகக் கருதப்படுபவர். அவர் வாழ்வின் திருப்பங்கள் யாவும் ஏதோ ஓர் ஏட்டில் எழுதப்பட்ட பெயரோடு தொடர்புடையனவாயிருத்தல் என் கருத்தைக் கவர்ந்தது.

பிறப்பும் வளர்ப்பும்

டில்லன் 1915ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் அயர்லாந்தின் லிஸ்மல்லன் என்னும் பரோனற் பட்டத்துக்குரிய குடும்பத்தவர். பிறந்து சில நாள்களுள் தாயார் பிரசவ நோயினால் இறந்தார். மனம் உடைந்த தந்தை, குழந்தையையும் அதன் தமையனையும் கென்ற் மாகாணத்துக் கடற்கரைப் பட்டினமான போக்ஸ்ரனில் இருந்த தம் சகோதரிமாரிடம் ஒப்படைத்தார். மாமிமாரின் வீடு வசதியானது. ஆனால் அவர்கள் கண்டிப்பும் சிக்கனமும் மிக்கவர்கள். 1925இல் தந்தையும் மறைய, தமையன் சிறு பருவத்திலேயே பரோனற் பட்டத்துக்கு உரியவரானார்.

குழந்தைக்கு இட்ட பெயர் பெண்பெயர். அதனை அவர் விட்டார், யானும் விடுகின்றேன். தமிழிலே அவர் என்னும் உயர்வுச் சொல் இருபாலார்க்கும் பொதுவாதலின், இவ்வரலாற்றை எழுதுவதில் ஆங்கிலேயர்க்குள்ள இடர்ப்பாடு நமக்கு இல்லை.

தாம் பெண்ணல்லர் என்னும் உணர்வு அவருக்குச் சிறு பராயத்திலேயே இருந்தது. எனினும் பிறர் தம்மை எவ்வாறு காண்கின்றனர் என்பது பதின்ம வயதிலேதான் உறைத்ததாம். ஒருநாள் உலாவச் சென்றபோது கூட வந்த இளைஞர் ஒருவர் முன்னே சென்று படலையைத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அது பெண்களுக்குச் செய்யும் உபசாரம். இவர் என்னைப் பெண் என்றல்லவா எண்ணுகின்றார் எனத் திடுக்கிட்டு, அன்றுதொட்டுத் தனிமையுற்றார். உலகம் அவருக்குச் செய்த மரியாதையே அவருக்கு முதல் அடியாயிற்று.

ஊர்ச் சமய குருவொருவரின் தூண்டுதலால் இறையியல் கற்கும் விருப்பொடு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் புகுந்தார். பின்னர் கிரேக்க உரோமச் செந்நூற் கல்விக்கு மாறி, 1938இல் பட்டம் பெற்றார். படகோட்டுதலில் வல்லவராய்ப் பல்கலைக்கழகப் பெண்கள் படகுக் கழகத்தின் தலைமையும் வகித்தார். ஆடவர் அணிக்குள்ள மதிப்புப் பெண்கள் அணிக்கும் வேண்டுமென்று போராடிய அவரை, அக்கழகத்தார் தம் முன்னோடிகளுள் ஒருவராக எண்ணலாம். ஆனால் அணியின் பெயரே அவருக்கு முள்ளாயிருந்தது.

கராஜில் ஒரு பட்டதாரி

ரெஸ்ரொஸ்தரோன் எனப்படும் ஆண்மை ஓமோன் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்டது 1935இலேதான். அதனைப் பெண்களின் உதிரப்போக்கு நோய்க்குக் கொடுத்துப் பரிசோதித்து வந்த ஜோர்ஜ் பொஸ் என்னும் வைத்தியரை டில்லன் 1939இல் நாடினார். அவர் முதலில் மனநோய் வைத்தியர் ஒருவரைக் கண்டுவரப் பணித்து, பின் குளிசைகளைக் கொடுத்தார். ஆனால் அந்த மனநோய் வைத்தியரோ, நோயாளர் சொன்னதை மறைவாக வைத்திருக்கும் கடமையை மறந்து வெளியே பேசிவிட்டார். ஊர் முழுதும் கதை பரந்தது. டில்லன் ஆய்வுகூட வேலையைத் துறந்து பிறிஸ்ரல் நகருக்கு ஓடினார். ஒக்ஸ்போர்ட் பட்டதாரியான அவருக்கு அங்கே கிடைத்தது ஒரு மோட்டார்க் கராஜில் பெற்றோல் ஊற்றும் வேலை.

அப்போது இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. குண்டுவீச்சு நடந்த இரவுகளில் அவரே கராஜின் தீக்காவலர். பகலில் பழுதான வாகனங்களை இழுத்து வரும் வண்டியின் சாரதி. தொடக்கத்தில் உடன் வேலை செய்தவர்கள், வருவோர் போவோருக்கெல்லாம் இவரைச் சுட்டிக்காட்டி நகையாடினர். மருந்தோ தன் வேலையைச் செய்து வந்தது. குரல் தடித்தது, முகத்தில் மயிர் அரும்பியது, புதிதாக வருவோர் இவரை ஆணெனவே கண்டனர். கராஜின் முகாமையாளர் ஈற்றில் ஓர் உத்தரவு போட்டார்: வாடிக்கையாளர் குழம்புகின்றனர்; ஆகையால் எல்லோரும் இவரை ஆண்பாற் சொல்லாலேயே குறிப்பிடுக. வியாபாரத்தின் பொருட்டு இட்ட உத்தரவுதான். ஆயினும் சமூகம் அவரை ஆணென ஏற்ற முதல் நாள் அது. இலக்கணம் கற்ற அறிஞர் பலருக்கு வராத தெளிவு ஒரு கராஜ் முகாமையாளருக்கு வந்தமை நினைக்கத்தக்கது.

இரத்தத்திற் சர்க்கரை குறைந்து மயங்கி விழும் நோய் அவருக்கு இருந்தது. அவ்வாறு விழுந்து தலையில் அடிபட்டு இரண்டாம் முறை பிறிஸ்ரல் வைத்தியசாலையிற் கிடந்தபோது, உருவமைப்புச் சத்திர சிகிச்சை வல்லுநர் ஒருவரின் பார்வையிற் பட்டார். அக்காலத்தில் உலகிலேயே அத்துறை வல்லுநர் ஒருசிலரே. கேட்டவர் நகைக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. 1942இல் மார்பகங்களை அகற்றும் சிகிச்சையைச் செய்ததோடு இன்னும் இரண்டு உதவிகளும் புரிந்தார். பிறப்புப் பதிவைத் திருத்துதற்கு வேண்டிய வைத்தியக் கடிதத்தை எழுதிக்கொடுத்தார். இன்னொரு பெரும் வல்லுநராகிய ஹரோல்ட் கில்லிஸ் என்பவருக்கு இவரை அறிமுகஞ் செய்தார்.

பதிவேடுகள் மாறின

1944ஆம் ஆண்டு பிறப்புப் பதிவிலே லோரன்ஸ் மைக்கேல் டில்லன், ஆண், என்று திருத்தம் ஏறியது.  மயக்கத்தோடு செய்யும் சத்திர சிகிச்சையைவிட மை உலரும் அந்தக் கணமே பெரிதாயிருந்திருக்கும் என யான் எண்ணுவதுண்டு. நம் சைவ மரபிலே தீட்சை பெறுவோர்க்குத் தீட்சாநாமம் சூட்டுதல் வழக்கம். அன்றிலிருந்து பழைய பெயரால் அழைத்தல் குற்றம் என்பர் பெரியோர். பெயர் மாறுவது வெறும் ஓசை மாறுவதன்று என்பதை நம்மவர் அறியாதவரல்லர்.

மருத்துவம் கற்க விரும்பினார் டில்லன். அயர்லாந்தின் டப்ளின் நகரத்துத் திரித்துவக் கல்லூரி அவரை ஏற்க முன்வந்தது. ஆனால் ஓர் இடர்: ஒக்ஸ்போர்ட் சான்றிதழில் அவர் பெண்களுக்குரிய நிலையத்தில் கற்றதாக இருந்தது. அச்சான்றிதழைக் காட்டினால் எல்லாம் வெளியாகும். அவருடைய பழைய ஆசிரியர் ஒருவர் ஒக்ஸ்போர்ட் பதிவாளரிடம் சென்று பேசினார். அதன் பயனாக, அவர் ஆடவர் கல்லூரியாகிய பிறேஸ்னோஸிற் கற்றவராகப் பதிவு மாற்றப்பட்டது. பன்னூற்றாண்டுப் பழைமை வாய்ந்த ஒரு பல்கலைக்கழகம், தன் மாணவர் ஒருவருக்காகத் தன் ஏட்டிலே ஒரு வரியை மாற்றிற்று. இவ்விடத்தை வாசித்தபோது நூலை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் நெடுநேரம் உலாவினேன்.

1945 முதல் 1951 வரை டப்ளினில் மருத்துவக் கல்வி. விடுமுறை வந்ததும் மற்றை மாணவர் வீடு செல்ல, இவர் இங்கிலாந்துக்குச் சென்று கில்லிஸின் சத்திர சிகிச்சைக் கட்டிலிலே படுப்பார். நியூசிலாந்திற் பிறந்த கில்லிஸ், முதலாம் உலகப் போரிலே முகம் சிதைந்த போர்வீரர்க்கு முகம் அமைத்துக் கொடுத்துப் புகழ் பெற்றவர். உடம்பின் ஓரிடத்துத் தோலைக் குழாய்போலச் சுருட்டி, உயிரோட்டம் அறாமல் வேறோரிடத்துக்குக் கொண்டு செல்வது அவர் கண்ட முறை. அம்முறையையே டில்லனுக்கும் கையாண்டார். 1946 முதல் 1949 வரை குறைந்தது 13 சத்திர சிகிச்சைகள் நடந்தன. பிறவி ஊனத்தைத் திருத்துவதாகவே கில்லிஸ் பதிவேட்டில் எழுதிவைத்தார். புண் பழுத்து டில்லன் நொண்டி நடந்தபோது போர்க்காயம் என்று சொல்லிச் சமாளித்தாராம். அந்நிலையிலும் படகோட்டுதலை விட்டாரல்லர். இம்முறை ஆடவர் அணியிலே துடுப்புப் பிடித்தார்.

கராஜ்க் காலத்தில் எழுதத் தொடங்கிய நூல் ஒன்றை 1946இல் வெளியிட்டார். தன்னிலை என்று பொருள்படும் தலைப்புடையது அது. உள்ளமும் உடம்பும் மாறுபட்டவிடத்து உள்ளத்தை உடம்புக்கு இணங்க வளைத்தல் இயலாதாயின், உடம்பை உள்ளத்துக்கு இணங்கச் செய்தலே மருத்துவத்தின் கடன் என்பது அதன் சாரம். தம்மைப் பற்றி அந்நூலில் ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நம் பவணந்தியார் அவாவை முன்வைத்ததும், இவர் உள்ளத்தை முன்வைத்ததும் ஒரே திசை நோக்கிய இரு விரல்கள்.

கைகூடாத காதல்

அந்நூலை வாசித்து அவரைத் தேடி வந்தவர் ரொபேட்டா கவல். ஆணாய்ப் பிறந்து, போர்க்காலத்தில் விமானமோட்டி, மோட்டார்ப் பந்தயத்திலும் பேர்பெற்று, பெண்ணாக வாழ விழைந்தவர். தம் இரகசியத்தை முழுதும் அறிந்த ஒருவரிடம் டில்லன் மனத்தைப் பறிகொடுத்தார். சட்டம் தடுத்திருந்த சிகிச்சையொன்றை அவருக்காகத் தாமே மறைவிற் செய்துங் கொடுத்தார். வைத்தியத் தொழிலையே இழந்திருக்கக்கூடிய துணிவு அது. அவரை மணந்து வாழ டில்லன் கொண்டிருந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. கவல் மறுத்துவிட்டார்.

குறைகளை மறைத்துக் கூறுவது வரலாறாகாது. டப்ளினில் தம் இரகசியம் வெளிப்படாதிருக்கும்பொருட்டுப் பெண்களை இகழ்ந்து பேசும் ஒரு வேடத்தை டில்லன் புனைந்துகொண்டார். பெண்கள் தம்மை நெருங்காதிருத்தற்கு அது வேலியாயிற்று. தாமே அனுபவித்த அவமதிப்பைத் தாமும் சிலருக்கு அளித்தார் என்றே சொல்லவேண்டும். பிற்காலத்தில் தம் செருக்கை அவரே உணர்ந்து எழுதியிருக்கின்றார்.

1952இல் வணிகக் கப்பல்களிலே வைத்தியராகச் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் கடலே அவருக்கு வீடு. சுருட்டுக்குழலும் தாடியுமாக உலாவிய அக்கப்பல் வைத்தியரை எவரும் ஐயுறவில்லை. சவரக் கத்தியும், ஆடவர் குளிப்பறையும், பெயருக்குமுன் வரும் அடைமொழியும் மற்றவர்க்கு எண்ணத்திலும் வாராதவை. அவருக்கோ அவை ஒவ்வொன்றும் நாள்தோறும் கைவந்த வரம். நீண்ட இரவுகளில் மெய்ந்நூல்களை வாசித்தார். உடம்பு பற்றிய வினா தீர்ந்தபின், உடம்புக்கு அப்பாலுள்ள வினா எழுந்தது.

இரண்டு குலநூல்கள்

இங்கிலாந்திலே பிரபுக் குடும்பங்களின் வழிமுறையைத் தொகுத்து வெளியிடும் நூல்கள் இரண்டு பெயர்பெற்றவை. ஒன்று டிபிறெற், மற்றையது பேர்க். டிபிறெற் நூலார் டில்லனின் வேண்டுகோளை ஏற்று, அவரைப் பரோனற்றின் தம்பியாகவும் பட்டத்துக்கு அடுத்த உரித்தாளராகவும் திருத்தி எழுதினர். பேர்க் நூலிலோ அவர் தங்கையாகவே நின்றார். தமையனுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே இவ்விரு நூல்களையும் ஒப்புநோக்கிய எவருக்கும், ஒன்றிலே தங்கையிருந்த இடத்தில் மற்றதிலே தம்பி நிற்பது தென்படாமற் போகாது.

1958இல் அது தென்பட்டது. டில்லனின் கப்பல் அமெரிக்காவின் போல்டிமோர்த் துறைமுகத்தில் நின்றபோது பத்திரிகையாளர் தந்தி வாயிலாகவும் நேரிலும் வந்து வினவினர். பிறவி ஊனம் ஒன்றைச் சிகிச்சையாற் சரிசெய்துகொண்டதாக மட்டுமே அவர் சொன்னார். பதினைந்து ஆண்டுகள் காத்த இரகசியம் பல நாட்டுப் பத்திரிகைகளில் ஏறிற்று. உறவை வெளிக்காட்ட விரும்பாத தமையன் மேலும் விலகினார். ஒரு நூலில் திருத்தப்பட்ட வரி அவருக்கு வாழ்வளித்தது. மற்றை நூலில் திருத்தப்படாத வரி அவ்வாழ்வைக் குலைத்தது. வயது நாற்பத்து மூன்று. பெயரையும் தொழிலையும் நாட்டையும் மறுபடி துறந்து இந்தியா வந்தடைந்தார்.

சாரநாத்தும் இறிசோங்கும்

முதலிற் சென்றது இமயச் சாரலிலுள்ள கலிம்பொங். அங்கே ஆங்கிலேயப் பௌத்தத் துறவியாகிய சங்கரட்சிதர் அவருக்குப் புகலளித்துச் சீவகர் என்னும் பெயரையும் இட்டார். சீவகன் என்றதும் நம் மாணாக்கர்க்குத் திருத்தக்கதேவரின் காப்பியத் தலைவனே நினைவுக்கு வருவான். இவர் பூண்டது அவன் பெயரன்று. புத்தபிரானுக்கு வைத்தியராயிருந்த சீவகரின் பெயர். வைத்தியத் தொழிலை விட்டு வந்தவருக்கு வைத்தியர் பெயரே கிடைத்தது.

பின்னர் புத்தபிரான் முதலறவுரை நிகழ்த்திய சாரநாத்துக்குச் சென்று கற்றார். அவ்விடத்துக்கும் நம் தீவுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அநகாரிக தருமபாலர் 1891இல் கொழும்பிலே தொடக்கிய மகாபோதிச் சங்கமே அங்கு 1931இல் மூலகந்தகுடி விகாரையை எழுப்பியது. சீவகர் தருமபதம் பற்றியும் விநயம் பற்றியும் நூல்கள் எழுதினார். இளந்துறவியாயிருந்தவர் உபசம்பதை என்னும் முழுத் துறவை நாடியபோது, அவருடைய பழைய வரலாறு பெரியோர் செவிக்கு எட்டியது. விநய விதியின்படி அவருக்கு முழுத் துறவு அளித்தல் தகாது என மறுத்துவிட்டனர்.

விநய பிடகத்திலே பண்டகர் எனப்படுவோர்க்குத் துறவு விலக்கப்பட்டிருத்தல் உண்மையே. ஆயின் அதே பிடகத்தின் பாராசிகப் பகுதியில் வேறொரு செய்தியும் உண்டு. பிக்கு ஒருவருக்குப் பெண்குறி தோன்றிற்று. புத்தர் அவரைச் சங்கத்தினின்று நீக்கினாரல்லர். அதே ஆசிரியர், அதே துறவு, அதே ஆண்டுக் கணக்கு என்பவற்றோடு பிக்குணிகளிடம் சேர்க என்று பணித்தார். பிக்குணி ஆணுருவுற்றவிடத்தும் அவ்வாறே. முன்னரே துறவு பூண்டாரைப் பற்றிய விதி அது என்பதை யான் மறுக்கவில்லை. எனினும் உருமாற்றத்தைக் கண்டு வெருளாத ஓர் உள்ளம் அவ்விதியிலே தெரிகின்றது. நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியத்தின் தலைவி மணிமேகலையும் வஞ்சி மாநகரிலே சமயவாதிகளின் திறங்கேட்க ஆண்துறவி வடிவம் பூண்டே சென்றாள். அவளுக்குப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் நம் நயினாதீவே என்று கொள்வாரும் உளர். அக்கரையில் நின்று பார்க்கும் நமக்குச் சீவகர் முழு அந்நியராகத் தோன்றுதல் கூடாது.

ஒரு கதவு அடைபட, அவர் திபேத்தியப் பௌத்தத்தின் கதவைத் தட்டினார். 1960இல் லடாக்கிலே 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மலைமடிப்பொன்றில் ஒளிந்திருக்கும் இறிசோங் மடத்தை அடைந்தார். கடுமையான ஒழுக்கத்துக்குப் பேர்போன மடம் அது. அங்கே கெட்சுல் எனப்படும் இளந்துறவியாக ஏற்கப்பட்டார். துறவு மடங்களில் மூப்பு என்பது துறவு கொண்ட நாளைப் பொறுத்தது. ஆகவே நாற்பத்தைந்து வயதான ஒக்ஸ்போர்ட் பட்டதாரி, வைத்தியர், பிரபுக் குடும்பத்தவர், நிலையாற் கடைக்குட்டியானார். சிறுவர்களோடு அமர்ந்து எழுத்தறிந்தார். மடத்தின் சிறு பணிகளைச் செய்தார். மொழி அரைகுறை, உணவோ எளிது, குளிர் எலும்பைத் துளைத்தது. ஆயினும் தம் வாழ்விலே மகிழ்ச்சி நிறைந்த காலம் அதுவே என்பது அவர் எழுதியவற்றால் விளங்கும். அங்கே அவரைச் சூழ்ந்தோர் அவரிடம் எதிர்பார்த்தது ஒன்றே: இளந்துறவி தன் கடனைச் செய்யவேண்டும்.

தங்குவதற்குரிய அனுமதிக் காலம் முடிந்தபடியால் மூன்று மாதத்துக்குள் மடத்தை விட்டு இறங்க நேர்ந்தது. எல்லைப்புற மாகாணமாகையால் மீண்டுஞ் செல்ல அனுமதி எளிதிற் கிட்டவில்லை. எழுத்தால் வந்த சிறு வருவாயில் வறுமையோடு வாழ்ந்தார். இறிசோங் வாழ்வைப் பற்றிய நூலும், மிலரேபா என்னும் திபேத்திய ஞானியின் வரலாற்றுச் சுருக்கமும் 1962இல் வெளிவந்தன. அவ்வாண்டு மே மாதம் 15ஆந் திகதி, இன்றைய இமாசலப் பிரதேசத்து டல்ஹவுசியில் வைத்தியசாலையொன்றிலே காலமானார். வயது நாற்பத்தேழு.

எஞ்சிய ஏடு

இறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், தம் பிறந்த நாளாகிய மே 1ஆந் திகதி, தன் வரலாறு ஒன்றை எழுதி முடித்து முன்னுரையிட்டு இலண்டனிலுள்ள தம் நூல்முகவருக்கு அனுப்பியிருந்தார். ஓடி ஓடி மறைத்ததையெல்லாம் அதிலே தாமே எழுதிவைத்தார். பிறர் பேசியதாலும் எழுதியதாலும் இருமுறை ஊர்விட்டு ஓடியவர், இறுதியில் தம்மைத் தாமே எழுதினார். தமையன் அதனை அழித்துவிட விரும்பினார். முகவர் கொடுத்தாரல்லர். பிரதி பேணப்பட்டு, 1989இலும் 2007இலும் வெளிவந்த வாழ்க்கை வரலாறுகளுக்கு மூலமாகி, ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 2017இல் முழுநூலாக அமெரிக்காவில் அச்சேறியது. மேலட்டையில் ஆசிரியர் பெயர் மைக்கேல் டில்லன், இலோப்சாங் சீவகர் என இரண்டாக இருக்கின்றது. இரண்டும் அவர் விரும்பி ஏற்ற பெயர்கள்.

இனி என் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் யான் வேறொரு பாடசாலையிற் கற்பித்தபோது, விடுகைப் பத்திரங்களை எழுதிக்கொடுக்கும் வேலையும் என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் மாலை, புத்தூரில் நிலாவரைப் பக்கமாயுள்ள என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நாற்பதை எட்டிய வயது, தாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என்னிடம் இலக்கணம் கற்ற மாணவர் தாம் என்று சொல்லிப் பழைய பெயரைத் தயக்கத்தோடு கூறினார். அது பெண்பெயர். 2016 முதல் நம் நாட்டில் மனநல வைத்தியர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்துவதற்கு ஒழுங்கு உண்டு. அவ்வாறு திருத்திய பத்திரங்களையெல்லாம் உறையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். புதிய வேலைக்குப் பாடசாலை விடுகைப் பத்திரமும் அதே பெயரில் வேண்டும் என்றார். அவர் கேட்டது இவ்வளவே.

இடாப்பு எனக்கு முன்னிருந்தவர்கள் எழுதியது, அதனைத் திருத்த எனக்கு விதி தெரியாது, மேலிடத்துக்குப் போகவும் என்றேன். அது பாதி உண்மை. அதிபரிடம் எடுத்துச் சொல்லும் கடமை எனக்கிருந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சினேன். பேச்சினிடையே அவரைப் பழைய பெயரால் இருமுறை விளித்தேன். அவர் திருத்தவில்லை. நல்லது ஐயா என்று பத்திரங்களை மீண்டும் உறைக்குள் வைத்து, என் மனைவி கொண்டுவந்த தேநீரை மரியாதைக்காகக் குடித்துவிட்டுப் போனார். படலையைச் சாத்தும் ஓசைகூடக் கேட்கவில்லை.

ஒக்ஸ்போர்ட் ஆசிரியர் ஒருவர் தம் மாணவருக்காகப் பதிவாளர் வாசற்படி ஏறினார். புத்தூர் ஆசிரியன் தன் மாணவருக்காக ஏறவில்லை. சூத்திரம் எனக்கு மனப்பாடம். ஆள் முன்னே வந்தபோது அது உதவவில்லை. என் மாணவிக்கு வகுப்பிலே விடை சொன்னேன். உடம்பு பிறர் காண்பது; அவா தான் அறிவது; பால் வகுக்கும் ஆசிரியர் உரியவரின் சாட்சியையே ஏற்றார் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

அன்று மாலையே அப்பாடசாலையின் இன்றைய அதிபருக்குக் கடிதம் எழுதினேன். இன்ன ஆண்டில் இவரைக் கற்பித்தவன் யானே, இவரும் அவரும் ஒருவரே, பத்திரம் புதிய பெயரில் வழங்கப்படலாம் எனச் சாட்சி கூறிக் கையொப்பமிட்டேன். அதன் படியொன்றை அவருக்கும் அனுப்ப எண்ணி முகவரியைத் தேடிப் பெற்றேன். உறையின்மேல் எழுதும்போது கை சற்றுத் தயங்கிற்று. பின் திரு என்று தொடங்கி அவர் பெயரை முழுதும் எழுதி, மறுநாட் காலை புத்தூர்த் தபாற்கந்தோரிற் சேர்த்தேன்.